எல்லைக்கல்லோடு நின்ற பள்ளம்

புங்கங்கண்டிகை,
கும்மிடிப்பூண்டி வட்டம்.
18.6.2023

அன்புத் தங்கை குணசுந்தரிக்கு அண்ணன் அன்புசெல்வன் எழுதுவது.

நானும் உன் அண்ணி ஜோதிலட்சுமியும் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? மாப்பிள்ளை மோகன்ராஜும் பரத்தும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

தொலைபேசியில் சொல்லிவிடக்கூடிய செய்திதான். ஆனால் உன்னிடமிருந்து எழுத்தில் ஒரு சம்மதம் வேண்டும். எழுத்தில் வேண்டியதை எழுத்தில் கேட்பதுதான் முறை.

ஆலை மூடப்பட்ட பிறகு நான் நம் நிலத்தைத் தினமும் சுற்றி வருகிறேன். இருபத்து நான்கு ஆண்டுகள் இரும்புக் கம்பியின் குறையைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன், சொந்த நிலத்தின் குறையை இப்போதுதான் பார்க்கிறேன். நம் நிலத்துக்கு மழை இல்லை என்பது பொய். மழை போதுமான அளவு பெய்கிறது, நிற்பதில்லை. வடக்கே தொழிற்சாலை மதிலோரம் விழும் தண்ணீர் சரிவில் இறங்கி, மேல்மண்ணையும் அள்ளிக்கொண்டு தெற்கே சாலைக் கால்வாய்க்குப் போய்விடுகிறது. அதனால்தான் சரளை மட்டும் மிஞ்சி, கிணறும் வற்றிக் கிடக்கிறது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. சரிவின் குறுக்கே, ஒரே மட்டத்தில் நீண்ட பள்ளங்களை வெட்ட வேண்டும். தோண்டிய மண்ணைத் தாழ்ந்த பக்கத்தில் மேடாகக் குவிக்க வேண்டும். பள்ளத்துக்கு வாட்டம் இருக்கக் கூடாது. தண்ணீர் போவதற்கு வெட்டுவது கால்வாய். நின்று மண்ணுக்குள் இறங்குவதற்கு வெட்டுவது இது. மேட்டின்மேல் துவரையும் பரங்கியும் ஊன்றலாம்.

இடையூறு ஒன்றே. அப்பா நிலத்தை வடக்குத் தெற்காகக் கோடு போட்டு மேற்குப் பாதியை எனக்கும் கிழக்குப் பாதியை உனக்கும் எழுதினார். மட்டக்கோடோ கிழக்கு மேற்காகப் போகிறது. மூன்று பள்ளங்களும் எல்லைக்கல்லைத் தாண்டி உன் பாதிக்குள் வந்தால்தான் பயன். செலவு என்னுடையது. நீ சம்மதம் எழுதி அனுப்பினால் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புள்ள அண்ணன்,
அன்புசெல்வன்


கடம்பத்தூர்,
9.7.2023

அன்புள்ள அண்ணாவுக்கு குணா எழுதிக்கொண்டது.

நாங்கள் எல்லோரும் சௌக்கியம். அண்ணிக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல்லுங்கள்.

அங்கன்வாடியில் இந்த வருஷம் பிள்ளைகள் அதிகம். ஒரு பொடியன் தினமும் என் முட்டியைத் தொட்டுப் பார்த்து, "டீச்சர், இன்னிக்கும் வலிக்குதா?" என்று விசாரிக்கிறான். நீங்கள் விசாரிப்பது மாதிரியே இருக்கிறது. பரத் டிப்ளமோ முடித்துவிட்டான். அவன் அப்பா லாரித் தொழில் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறார். இங்கே வெயில் தாங்க முடியவில்லை. அங்கேயும் அப்படித்தானே? வெளியே போகும்போது குடை எடுத்துப் போங்கள்.

வேறு விசேஷம் இல்லை.

உங்கள் தங்கை,
குணா


புங்கங்கண்டிகை,
27.8.2023

அன்புத் தங்கைக்கு,

இங்கு யாவரும் சுகம். ஜோதியின் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. குடை எடுத்துப் போகிறேன்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான் கேட்டதற்கு அதில் பதில் இல்லை. பதில் இல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. ஆகவே என் பாதியில் மட்டும் வெட்டத் தொடங்கி, உன் எல்லைக்கல்லுக்கு இரண்டடி முன்னால் நிறுத்திவிட்டேன்.

மட்டம் பார்ப்பதற்குக் கொத்தனார்கள் வைத்திருப்பார்களே, தண்ணீர் நிரப்பிய ட்யூப், அதுதான் கருவி. ஒரு முனை என்னிடம், மறு முனை உன் அண்ணியிடம். "ஊரே பார்த்து சிரிக்குது. கல்யாணத்துல கூட இவ்ளோ நேரம் என்னை நிக்க வெச்சி பார்த்ததில்ல இந்த மனுஷன்" என்று சாலையில் போகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். ஆனால் முனையை அசைக்கவில்லை.

ஜேசிபி ஓட்ட காலனியிலிருந்து பீட்டர் வந்தான். வண்டியை நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"சார், காவா வெட்டுனா தண்ணி போவணும். நீங்க போவாத காவா வெட்ட சொல்றீங்களே!"

"போகக் கூடாது என்பதற்காகத்தான் பீட்டர் வெட்டுகிறோம்."

"வெட்டிட்றேன் சார். ஆனா யாரு கேட்டாலும் நான் வெட்டுனேன்னு சொல்லாதீங்க. பொழப்பு பூடும்."

நேற்று ஜெகன் வந்தான். தொழிற்சாலைகளுக்கு நிலம் முடித்துத் தரும் தரகன். பள்ளத்தின் விளிம்பில் நின்று, "இன்னா சார் இது, பதுங்கு குழியா? சண்டை எதுனா வரப்போவுதா?" என்றான். "வந்தால் தயாராக இருக்கிறேன்" என்றேன். மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கம்பெனி, கிடங்கு கட்ட நம் இரண்டு பாதியையும் கேட்கிறதாம். என் பாதி விற்பனைக்கு இல்லை என்று சொல்லி அனுப்பினேன். உன் பாதியைப் பற்றிப் பேச எனக்கு அதிகாரம் இல்லை, பேசவில்லை.

பருவமழைக்கு முன் உன் சம்மதம் வந்தால் நல்லது.

அண்ணன்,
அன்புசெல்வன்


கடம்பத்தூர்,
8.9.2023

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு மோகன்ராஜ் வணக்கத்துடன் எழுதுவது.

நாங்கள் நலம். நீங்கள் நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமாக இருக்கிற ஆள் ஆவணி வெயிலில் ட்யூபைப் பிடித்துக்கொண்டு நிற்க மாட்டான்.

உங்கள் இரண்டு கடிதங்களையும் படித்தேன். குணாவுக்கு வேலை அதிகம், எழுத நேரமில்லை. அதனால் நானே எழுதுகிறேன். உங்கள் பக்கத்தில் பள்ளம் தோண்டுங்கள், கிணறு தோண்டுங்கள், பாதாளத்துக்கே போங்கள். எங்கள் பக்கத்தில் ஒரு மண்வெட்டி மண்ணையும் எடுக்க வேண்டாம். இருபது வருஷமாக அந்தச் சரளையில் முள்ளைத் தவிர எதுவும் முளைக்கவில்லை. இப்போது அதற்கு ஒரு காலம் வந்திருக்கிறது. நாலு பேர் மாதிரி நாங்களும் முன்னுக்கு வர வேண்டாமா? பரத்துக்கு ஒரு வழி பண்ண வேண்டாமா? உங்களுக்குப் பிள்ளை இல்லை, கவலையும் இல்லை. நான் அப்படி இருக்க முடியாது.

நேரில் இருந்தால், "மச்சான், ட்யூபை கீழ போட்டுட்டு ஊட்டுக்குப் போய் மோர் குடிங்க" என்று சொல்லியிருப்பேன். தவறாக நினைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
கோ. மோகன்ராஜ்


புங்கங்கண்டிகை,
1.10.2023

அன்புத் தங்கைக்கு,

இந்தக் கடிதத்தை உன் அங்கன்வாடி முகவரிக்கு அனுப்புகிறேன். காரணத்தை எழுத வேண்டியதில்லை. நாங்கள் சுகம். மாப்பிள்ளையின் கடிதம் வந்தது. அவர் குடிக்கச் சொன்ன மோரையும் குடித்துவிட்டேன்.

உனக்கு நான் ஒரு சேதம் விளைவித்திருக்கிறேன். அதை முறைப்படி தெரிவிக்க வேண்டும். வியாழக்கிழமை மாலை இடியோடு மழை கொட்டியது. மூன்று பள்ளங்களும் நிறைந்தன. உன் பாதிக்குள் கை வைக்கக் கூடாது என்ற கவனத்தில் எல்லைக்கல்லுக்கு இரண்டடி முன்னால் நிறுத்தினேன் அல்லவா? மேடு முடியும் முனையை அடைக்க மண் போட்டால் அது சரிந்து உன் பக்கம் விழும் என்று அடைக்காமலேயே விட்டிருந்தேன். சேர்ந்த தண்ணீர் முழுவதும் திறந்திருந்த அந்த முனை வழியாகப் பாய்ந்து, உன் நிலத்தை முழங்கால் ஆழத்துக்கு அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. உன் எல்லையை மதிக்கப் போய் உன் மண்ணை அழித்திருக்கிறேன். சட்டப்படி என்மேல் தவறில்லை என்று வாதாட முடியும். நிலத்தில் நின்று பார்த்தால் அந்த வாதம் வாயில் வரவில்லை. மறுநாளே முனைகளை என் பக்கம் பின்னுக்கு இழுத்துக் கல்லும் மண்ணும் வைத்து அடைத்துவிட்டேன்.

இன்னொன்று. நேற்று உன் பாதியில் நாலைந்து பேர் மஞ்சள் வண்ணம் அடித்த கற்களை நட்டார்கள். ஜெகன் கூட இருந்தான். யார் சொல்லி அளக்கிறீர்கள் என்று கேட்டேன். "உங்க தங்கச்சிய கேளுங்க சார். எல்லாம் முறைப்படிதான். உங்களுக்குத்தான் முறை புடிக்குமே!" என்றான்.

நான் உன்னைக் கேட்கப் போவதில்லை. உன் பாதி உன்னுடையது. ஒரே ஒரு விதியை மட்டும் தெரிவிக்கிறேன். நிலத்தை விற்கும்போது சார்பதிவாளர் விற்பவரைப் பார்த்து, "முழுச் சம்மதத்தோடுதான் எழுதிக் கொடுக்கிறீர்களா?" என்று கேட்பார். பலர் அதை ஒரு சம்பிரதாயம் என்று நினைத்துத் தலையாட்டிவிடுகிறார்கள். அது சம்பிரதாயம் இல்லை. அந்தக் கேள்வியை அவர் கணவரிடமோ தரகரிடமோ கேட்பதில்லை. பெயர் யாருடையதோ அவரிடம் கேட்கிறார்.

முட்டிக்கு நல்லெண்ணெய் தடவு.

அண்ணன்,
அன்புசெல்வன்


கடம்பத்தூர்,
12.10.2023

அண்ணாவுக்கு,

நான் சௌக்கியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் மத்தியானம் தூங்குகிற நேரத்தில் எழுதுகிறேன்.

ஆடி மாசத்துக்கு முன்னாலேயே அவர் காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். விற்கிற ஒப்பந்தம். முன்பணத்தை அவர் வாங்கிக்கொண்டார். பத்திரம் தை மாசம். உங்கள் முதல் கடிதம் வந்தபோது அந்த மை காய்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதனால்தான் குடையைப் பற்றி எழுதினேன்.

இப்போது சம்மதம் எழுத முடியாது. ஏன் என்று கேட்க வேண்டாம். கேட்க மாட்டீர்கள், தெரியும்.

என் பக்கத்து மண் எவ்வளவு போயிற்று? எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் நாவல் கன்று ஒன்று தானாக முளைத்திருந்ததே, அது இருக்கிறதா? அதை மட்டும் எழுதுங்கள்.

குணா


புங்கங்கண்டிகை,
10.12.2023

அன்புத் தங்கைக்கு,

புயலுக்குப் பிறகு கடம்பத்தூரில் எல்லோரும் சுகமா? வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா? இங்கு நான்கு நாட்கள் மின்சாரம் இல்லை. மற்றபடி சேதமில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: நாவல் கன்று இருக்கிறது. வேர் பாதி வெளியே தெரிந்தது. உன் நிலத்தில் அனுமதியில்லாமல் நுழைந்து வேரை மூடி மண் அணைத்தேன். அத்துமீறல்தான், பதிவு செய்துகொள்.

மழை இரண்டு நாள் விடவில்லை. மழைக்கோட்டோடு பள்ளத்தின் கரையில் நின்றேன். ஏரிக்குக் கலங்கல் வைப்பதுபோல ஒவ்வொரு பள்ளத்திலும் உபரி நீர் வழிவதற்குக் கல் பாவி ஓர் இடம் விட்டிருந்தேன். தண்ணீர் நிறைந்து, நின்று, அந்த இடத்தில் மட்டும் வழிந்து அடுத்த பள்ளத்துக்கு இறங்கியது. மேடு ஓரிடத்திலும் உடையவில்லை. பீட்டர் ஆறடி தள்ளி நின்று பார்த்தான். "சார், இப்ப யாராச்சும் கேட்டா நான்தான் வெட்டுனேன்னு சொல்லுங்க" என்றான்.

ஒரு வாரம் ஆகிறது. என் பாதியில் மண்வெட்டி இறங்கும் ஆழம் வரை ஈரம். ஒன்பது ஆண்டுகளாகக் காய்ந்து கிடந்த கிணற்றில் தண்ணீர் தெரிகிறது. ஜோதி எட்டிப் பார்த்துவிட்டுப் போய் வாளியும் கயிறும் கொண்டு வந்தாள். உன் பாதியில் விழுந்த மழை மழையோடேயே சாலைக்குப் போய்விட்டது. அங்கே இப்போதே மண் வெடிக்கிறது. நடுவில் இருப்பது ஒரு கல்தான்.

ஜெகன் மறுபடி வந்தான். "சார், உங்களது தண்ணி நிக்கிற நெலம் ஆயிப்போச்சி. கம்பெனிகாரன் பேஜாரு பண்றான். ரேட்டு கொறையும்" என்றான். "இல்லாத விலை எப்படிக் குறையும்?" என்று கேட்டேன். "பக்கத்து நெலம் வந்துட்டா ரெண்டு பக்கம் மதில் சார். மூலையில உக்காந்துகினு இன்னா பண்ணுவீங்க?" என்றான். "விவசாயம்" என்றேன்.

பொங்கலுக்கு வரிசையோடு வருகிறேன். மேட்டில் பரங்கி காய்த்திருக்கிறது.

அண்ணன்,
அன்புசெல்வன்


கடம்பத்தூர்,
20.1.2024

மச்சான் அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். பொங்கல் வரிசையில் வந்த பரங்கிக்காய் நன்றாக இருந்தது. உங்களை உள்ளே கூப்பிடாமல் வாசலிலேயே வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன் என்று நீங்கள் வருத்தப்பட்டதாகக் கேள்வி. அன்று குணாவுக்கு உடம்பு சரியில்லை, படுத்திருந்தாள்.

முப்பத்தொன்றாம் தேதி புதன்கிழமை பத்திரப் பதிவு. நல்ல முகூர்த்தம். கூடப் பிறந்த நீங்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் பிற்காலத்தில் வில்லங்கம் வராது என்று கம்பெனி வக்கீல் சொல்கிறார். வருத்தங்களை மறந்து வாருங்கள். காலை நாஷ்டா என் செலவு.

கோ. மோகன்ராஜ்


புங்கங்கண்டிகை,
23.1.2024

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

நலம். குணசுந்தரியின் உடல்நிலை தேறியிருக்கும் என்று நம்புகிறேன்.

நான் வர மாட்டேன். கோபத்தினால் அல்ல. நான் அங்கே நின்றால், என் தங்கை 'ஆம்' என்று சொன்னாலும் அண்ணன் ஒத்துக்கொண்டான் என்பீர்கள். 'இல்லை' என்று சொன்னாலும் அண்ணன் தூண்டிவிட்டான் என்பீர்கள். அவளுடைய பதில் அவளுடையதாகவே இருக்கட்டும். 'ஆம்' என்றால் உங்கள் மதிலுக்கு இந்தப் பக்கம் நான் விவசாயம் செய்வேன். அதைத் தடுக்க எந்தப் பத்திரத்திலும் இடமில்லை.

பரத்துக்கு என் ஆசிகள். பரங்கி விதையை எறிந்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அன்புசெல்வன்


கடம்பத்தூர்,
2.2.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். இந்த முறை உண்மையாகவே எழுதுகிறேன். அண்ணி எப்படி இருக்கிறார்கள்?

புதன்கிழமை பெரியபாளையம் வழியாகத்தான் பஸ் போயிற்று. கோயில் வந்ததும் அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அம்மா, நல்லபடியா முடியணும்" என்றார். நானும் அதையேதான் வேண்டிக்கொண்டேன்.

ஆபீசில் ஜெகன் எல்லாம் தயாராக வைத்திருந்தான். "நீங்க ஒண்ணும் பேச வேணாங்க்கா. அவரு கேட்டா தலைய ஆட்டுங்க, மெஷின்ல வெரல வைங்க, ஃபோட்டோவுக்குப் பாருங்க, அவ்ளோதான்" என்று பாடம் நடத்தினான். எங்கள் அங்கன்வாடியில் நான் பிள்ளைகளுக்குச் சொல்வது மாதிரியே இருந்தது.

எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். சார்பதிவாளர் தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "சம்மதத்தோட எழுதிக் குடுக்கறீங்களாம்மா?"

"இல்லீங்க" என்றேன்.

அப்போதுதான் அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இன்னாம்மா சொல்றீங்க?"

"எனக்கு சம்மதம் இல்லீங்க. விக்கறதுக்கு இஷ்டம் இல்ல. வெரல் வைக்க மாட்டேன்."

இவர் பின்னாலிருந்து, "சார், அவளுக்கு உடம்பு சரியில்ல, ரெண்டு நிமிஷம் குடுங்க, பேசிகினு வர்றோம்" என்றார். அதற்கு அவர், "உங்களை நான் கேக்கல, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு என்னிடம் மறுபடியும் கேட்டார். நானும் மறுபடியும் சொன்னேன். "அப்ப பதிய முடியாது. அடுத்தவங்க வாங்க" என்றார். முடிந்தது. எழுந்து வெளியே நடந்தேன். முட்டி வலிக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ் திருவள்ளூரைத் தாண்டியது. அப்போது இவர், "உங்க அண்ணன் சொல்லிக் குடுத்தானா?" என்று கேட்டார். "அவர் கேள்வியத்தான் எழுதினாரு. பதில் எழுதல" என்றேன். "முன்பணத்துக்கு இன்னா பண்றது?" என்றார். "வாங்கின கைதான் குடுக்கணும்" என்றேன். வீட்டில் இரண்டு நாளாகச் சாப்பாட்டுத் தட்டு வைக்கிற சத்தம் மட்டும்தான். பரத் மட்டும் ராத்திரி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மாமா ஊட்டுக் கெணத்துல நெஜமா தண்ணி வந்துச்சாம்மா?" என்று கேட்டான். விதையை அவன்தான் காயவைத்திருக்கிறான்.

உங்களுக்கு வேண்டிய சம்மதம் இதோடு இருக்கிறது. இங்கே வெள்ளைத் தாள் கிடைக்கவில்லை. பதினொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நானும் பரத்தும் வருகிறோம். வாசலில் நிற்க வைத்துவிடாதீர்கள்.

உங்கள் தங்கை,
குணசுந்தரி


புங்கங்கண்டிகை,
7.2.2024

அன்புத் தங்கை குணசுந்தரிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உன் கடிதத்தை ஜோதிக்குப் படித்துக் காட்டினேன். "இல்லீங்க" என்ற இடத்தை மறுபடி படிக்கச் சொன்னாள். மூன்று முறை படித்தேன்.

உன் சம்மதக் கடிதத்தைப் பரிசீலித்தேன். அதில் புல எண் இல்லை. பரப்பளவு இல்லை. தேதி இல்லை. சாட்சிகள் இல்லை. 'அண்ணன் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளட்டும்' என்பது எந்த அலுவலகத்திலும் செல்லும் வாசகம் அல்ல. மேலும் அது ஒரு குழந்தை வரைந்த யானைப் படத்தின் பின்பக்கம் எழுதப்பட்டிருக்கிறது. என் இருபத்து நான்கு ஆண்டுப் பணியில் இப்படிப்பட்ட ஒரு தாளை நான் ஏற்றுக்கொண்டதே இல்லை.

இன்று காலை வெட்டத் தொடங்கிவிட்டோம்.

கம்பெனி வழக்குப் போடலாம். ஒப்பந்தத்தைக் காட்டி நோட்டீஸ் அனுப்புவார்கள். வரட்டும், பதில் எழுத எனக்குத் தெரியும். ஜெகன் சாலையில் வண்டியை நிறுத்தி, "சார், கேஸுல தோத்தா இந்தப் பள்ளத்தையெல்லாம் இன்னா பண்ணுவீங்க?" என்று கத்தினான். பீட்டர் ஜேசிபி மேலிருந்தே, "அதுக்குள்ள மழை வந்துடும், நீ போய்க்கினே இரு!" என்றான்.

மஞ்சள் கற்களைப் பிடுங்கி ஓரமாக அடுக்கி வைத்திருக்கிறேன். அவை அவர்கள் சொத்து, வந்து எடுத்துக்கொள்ளலாம். நம் எல்லைக்கல்லை நான் தொடவில்லை. எல்லைக்கல்லை அசைப்பது குற்றம். கல்லும் அதன் காலடியில் ஒரு பிடி மண்ணும் அப்படியே நிற்க, பள்ளம் அதன் இரண்டு பக்கமாகவும் உன் பாதிக்குள் போய், நாவல் கன்றுக்குக் கீழே ஒன்று சேர்கிறது. ஐப்பசியில் வந்து பார். கல் தண்ணீருக்கு நடுவே நிற்கும்.

ஞாயிறு வரும்போது பரத்தைப் பழைய உடையோடு வரச் சொல். ட்யூபின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். அண்ணிக்குக் கை வலிக்கிறதாம்.

அன்புள்ள அண்ணன்,
அன்புசெல்வன்